ஆரத்திக்கு முன்னால் வந்த சீட்டு

காலை ஏழரை மணி இருக்கும். திருப்பதியில் என் வீட்டு வாசலில் நின்று, நனைந்த பேப்பரைப் போட்டுவிட்டுப் போனவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முனிரத்தினத்தின் மனைவி கஸ்தூரி.

"அண்ணா, அவரு பூட்டாரு," என்றாள். பிறகு சொன்னாள். "நீங்க எழுதறேன்னு சொன்னது வந்துடுச்சான்னு நேத்து கூட கேட்டுக்கினு இருந்தாரு. வரும் வரும்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன். வந்துச்சாண்ணா?"

வரவில்லை. நான் ஒரு வரி கூட எழுதியிருக்கவில்லை. பதினோரு மாதமாகத் தள்ளிப்போட்டதை இப்போது, அவன் படிக்க முடியாத நேரத்தில் எழுதுகிறேன்.

புத்தூர், நகரி வட்டாரத்தில் முனிரத்தினத்தைத் தெரியாதவர்கள் குறைவு. விஆர்ஓவாக, அதாவது கிராம வருவாய் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக இரண்டிலும் அடி வாங்கியவர்கள் நாங்கள். எனக்கு "அவன்" என்றுதான் வருகிறது. உங்களில் எத்தனையோ பேருக்கு அவன் பட்டாவில் பெயர் மாற்றிக் கொடுத்திருப்பான், சர்டிபிகேட் வாங்கித் தந்திருப்பான். எம்மார்வோ எனும் தாசில்தார் ஆபீஸுக்குப் போகப் பயந்தவர்களைக் கையோடு கூட்டிப் போவான். ஒரே ஒரு குறை எல்லோரும் சொல்வோம். யார் வந்தாலும் கைகூப்ப மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். சொந்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி கைகூப்பி நிற்க, இவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "வாங்க" என்றான். திமிர் என்றார்கள். "நாத்திகக் கட்சியில சேர்ந்துட்டியாடா?" என்று நானே பலமுறை சீண்டியிருக்கிறேன். அவன் சிரித்ததில்லை.

முன்பு அவன் அப்படி இல்லை. அவன் ஊர்ப் பெருமாள் கோயிலில் தலைமுறையாகத் தீவட்டி பிடிக்கிற குடும்பம். உற்சவம் வந்தால் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, சட்டையில்லாமல் வேட்டியோடு எண்ணெய் வழியத் திரிவான். அந்த ஊர் வழக்கப்படி, சன்னிதியில் திரை போட்டிருக்கும்போது உள் மண்டபத்தில் நடமாட உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் அர்ச்சகர், மற்றவர் தீவட்டிக்காரர்.

அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஒருவரின் தாயார் பிறந்த ஊர் அது. அடுத்த பிரதமர் அவர்தான் என்று அப்போது பேச்சு. அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அவரே வேண்டாம் என்றார். தாயாருக்குக் கொடுத்த வாக்குக்காக ஒவ்வோர் ஆண்டும் உற்சவத்தன்று வந்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவார். நம் மாலுமிகள் இருந்த சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து வைத்திருந்த அந்த ஆண்டும் வந்தார். அன்று அது மூன்றாவது நாள். டீக்கடை வரைக்கும் எல்லோரும் கப்பலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் கோயில் எதற்கு என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். தமிழ் நாளிதழ் ஒன்றின் நிருபராகக் கோயில் வாசலில் நின்றிருந்தேன்.

ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து கார்கள் வந்து நின்றன. அமைச்சர் இறங்கியதும் போனைக் கழற்றி டெல்லியிலிருந்து கூட வந்த அதிகாரியிடம் கொடுத்தார். சன்னிதிக்குள் எந்தக் கருவியும் கூடாது என்பது கோயிலின் வழக்கம். தனக்கும் விலக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாராம். கூட்டத்தைப் பார்த்து, "தீவட்டிக்காரரு யாரு?" என்றார். முனிரத்தினம் முன்னால் வந்தான்.

"உன் பேரு இன்னாப்பா?"

சொன்னான்.

"வெளியிலேர்ந்து ஒரு சீட்டு வரலாம். வந்தா எடுத்துக்கினு நேரா உள்ள வா. திரை போட்டிருந்தாலும் சரி, நான் கண்ண மூடிக்கினு இருந்தாலும் சரி. தொட்டுக் கூப்புடு."

"சரிங்க ஐயா," என்றான் முனிரத்தினம். இதை நான் என் காதால் கேட்டேன்.

அவர் உள்ளே போய்க் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அந்த அதிகாரி போனில் பேசிக்கொண்டே ஒரு தாளில் நாலு வரி எழுதி, மடித்து, முனிரத்தினத்திடம் கொடுத்தார். கப்பல் வேறொரு நாட்டின் கடல் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் நம் வீரர்கள் ஏறலாமா வேண்டாமா என்று அமைச்சர் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இது அவசரம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். முனிரத்தினம் ஓடினான். உள்ளே மணி அடித்தது. அந்த அதிகாரி படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார், செருப்போடு ஏறியதற்கு யாரோ அதட்டினார்கள். அமைச்சர் வெளியே வரும்போது பன்னிரண்டு நிமிடம் கழிந்திருந்தது. நெற்றியில் எதுவும் இல்லை, கையில் பிரசாதம் இல்லை, வெறுங்காலோடு காரை நோக்கி ஏறக்குறைய ஓடினார். அவர் சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னபோது கப்பல் எல்லையைக் கடந்துவிட்டிருந்தது, இனி நம் வீரர்கள் ஏற முடியாது.

அன்று மாலை நான் எழுதி அனுப்பிய செய்திக்கு என் வாழ்நாளிலேயே நல்ல தலைப்பு அமைந்தது: "ஆரத்தி முடியட்டும் என்றார் அமைச்சர்." சீட்டு உள்ளே போன நேரம், அவர் வெளியே வந்த நேரம் இரண்டும் என்னிடம் மட்டுமே இருந்தன. நடுவில் இருந்த பன்னிரண்டு நிமிடத்தை நானே நிரப்பினேன். சீட்டைப் படித்தார், மடித்தார், மீண்டும் கண்ணை மூடினார் என்று எழுதினேன். முனிரத்தினத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், என் பெஞ்சுக்காரன். கேட்டால் செய்தி கெட்டுப்போகுமோ என்ற பயம்தான் காரணம். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என் செய்தியை எல்லா மொழிப் பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. மாலுமிகளின் குடும்பத்தினர் டெல்லியில் உட்கார்ந்து அழுதார்கள். நாடாளுமன்றத்தில் அமைச்சர் எழுந்து, செய்தி கோயிலுக்குள் வந்தது, தாமதம் என்னுடையது, வேறு யாருடையதும் அல்ல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மறுநாள் பதவி விலகினார். பல மாதம் கழித்து மாலுமிகள் திரும்பினார்கள். ஒருவருடைய உடல் மட்டும் வந்தது. பக்தி முற்றிய கோழை என்று அமைச்சரை நாடு முழுவதும் பேசினார்கள். எங்கள் பக்கம் அவரைக் கேலி செய்து பாட்டே கட்டினார்கள்.

விசாரணைக்கு டெல்லியிலிருந்து வந்தவர்கள் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்தார்கள். முனிரத்தினத்தை அழைத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனான். உள்ளே ஐந்து நிமிடம் கூட இருக்கவில்லை. சீட்டைக் கொடுத்தாயா என்று கேட்டார்களாம். "லோபலிக்கி வெள்ளி இச்சானு சார்" என்று தெலுங்கில் சொன்னானாம், உள்ளே போய்க் கொடுத்தேன் என்று. எப்போது கொடுத்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. அமைச்சரே ஒப்புக்கொண்ட பிறகு எதற்குக் கேட்கப்போகிறார்கள்?

போன வருடம் டாக்டர்கள் கைவிரித்த பிறகு என்னை வரச் சொன்னான். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கஸ்தூரியை வெளியே போகச் சொல்லவில்லை. "அவளும் கேக்கட்டும்டா, அவளுக்கே தெரியாது," என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நான் ஓடிப் போனேன். திரை போட்டிருந்தாங்க. உள்ள நுழைய எனக்குத்தான உரிமை இருக்குது. நுழையறதுக்குள்ள திரைய எடுத்துட்டாங்க, ஆரத்தி மேல வந்துடுச்சு. அம்மாம் பேரும் கைய தூக்கினாங்க. என் கையும் தானா மேல பூடுச்சு. பொறந்ததுலேர்ந்து ஆரத்திக்குக் குறுக்க போனதில்லடா. காலு நகரல."

கஸ்தூரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இன்னா வேண்டிக்கினேன் தெரியுமா? கப்பல்ல இருக்கிற பசங்க உசுரோட திரும்பி வரணும்னு வேண்டிக்கினேன். கையில சீட்டு. ரெண்டு கைக்கும் நடுவுல சீட்ட வச்சிக்கினு, அவங்களுக்காகவே கும்புட்டுக்கினு நின்னேன். ஆரத்தி ஆச்சு, சாத்துமுறை பாட்டும் முடிஞ்சுது. அப்பறம் தான் போய்க் குடுத்தேன்."

அவன் ஏன் அதன் பிறகு கைகூப்பவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கேலி செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து என்னைக் கொன்றது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "டைமுக்குப் போயிருந்தாலும் அவங்கள காப்பாத்தியிருக்க முடியுமோ முடியாதோ, யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"அத்த தெரிஞ்சிக்கிற சான்ஸத்தான் நான் துன்னுட்டேன்," என்றான்.

விசாரணைக்கு முந்தின நாள் அமைச்சர், அதாவது முன்னாள் அமைச்சர், பஞ்சாயத்து ஆபீஸ் போனில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பொய் சொல்லச் சொல்லவில்லை. "கேட்டதுக்கு உள்ளத சொல்லு. கேக்காதத நீயா போய் சொல்லி அழிஞ்சு போவாத. நீ கும்புட்டது தப்பில்ல. அந்த வேலைய தலையில வச்சிக்கினு கும்புடற எடத்துக்கு நான் வந்தேன் பாரு, அதான் தப்பு," என்றாராம். முனிரத்தினம் போனைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். "அவரு என் வாய கட்டலடா. நான்தான் பயந்தேன். வேலை பூடும், ஊர்ல துப்புவாங்கன்னு பயந்தேன். பெரிய மனுசன் என் பழிய சுமந்துக்கினு போறத பாத்துக்கினே இருந்தேன். நீயாவது ஒரு வார்த்த கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்," என்றான். கடைசி வரியில் கோபமே இல்லை.

பிறகு கேட்டான். "அவரு இன்னும் உசுரோட இருக்காரு. நானும் இருக்கேன். இப்பவே எழுதிடு. நான் பாத்துட்டுப் போவணும்."

எழுதுகிறேன் என்றேன். சத்தியமாக எழுதத்தான் நினைத்தேன். முதலில் அமைச்சரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு மாதம் போயிற்று. பழைய செய்தியைத் தேடி எடுக்க வேண்டும் என்று இன்னொரு மாதம். உற்சவ சமயத்தில் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று ஆசிரியரிடம் சொல்லிவைத்தேன். உற்சவமும் போனது. உண்மைக் காரணம் இவை எதுவும் இல்லை. இந்த மாவட்டத்தில் எனக்கு இருக்கும் பெயர் அந்த ஒரு செய்தியால் வந்தது. பயிற்சிக்கு வரும் புது நிருபர்களுக்கு அதைத்தான் படித்துக் காட்டுகிறார்கள். அதை நானே கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. அவன் போன் செய்தால் சில நாள் எடுக்காமல் கூட இருந்தேன்.

அடக்கத்துக்கு மறுநாள் முன்னாள் அமைச்சருக்குப் போன் செய்தேன். ஐதராபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். என் பெயரைச் சொன்னதும் அந்தத் தலைப்பைச் சொன்னார், ஒரு சொல் மாறாமல். முனிரத்தினம் இறந்துவிட்டான் என்றேன். "கஷ்டப்பட்டானா?" என்றார். பட்டான் என்றேன். நடந்ததை எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், எழுதப்போகிறேன் என்றேன். "அவன் சொல்லிட்டான்னா எழுதுங்க. என் பேரு வேணாம்," என்றார். அன்று அவரிடமும் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டேன். ஏன் ஐயா நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள்?

"சீட்டுல டைம் எழுதல. எப்பப்பா வந்துச்சுன்னு கேட்டேன். இப்பதாங்க வந்துச்சுன்னு அவன் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சாமி எதுக்க நின்னுக்கினு, என் காதோட, ஆரத்திக்கு முன்னாடியே வந்துடுச்சுங்க ஐயான்னான். கேட்ட உடனே. அந்த மாதிரி ஒருத்தன முன்னாடி தள்ளிட்டு நான் பின்னாடி ஒளிஞ்சிக்கறதா?"

போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

முனிரத்தினத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பதிலைத்தான். ஊர் முன்னால் அவன் பயந்தான், அதை அவனே சொன்னான். ஆனால் கேட்ட ஒரே மனிதருக்கு உடனே உண்மையைச் சொன்னான். கேட்காதவன் நான். அவன் பன்னிரண்டு நிமிடம் தாமதித்தான், கைகூப்பிக்கொண்டு, யாருக்காகவோ வேண்டிக்கொண்டு. நான் பதினோரு மாதம் தாமதித்தேன், எனக்காக.

அன்று நான் எழுதிய செய்தி தவறு. ஆரத்தி முடியும் வரை சீட்டு அமைச்சர் கைக்குப் போகவில்லை. போனதா என்று நான் விசாரிக்கவில்லை. இந்த நாலு வரியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று என் நண்பன் கேட்டான். நான் அவனைப் பார்க்க விடவில்லை.