மூட்டைக்கு ஒரு ஆள்

என் கணவர் இறந்த வருடம், துட்டி விழுந்த வீட்டுக்காரி ஒரு வருடத்துக்குக் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று எனக்குச் சட்டம் போட்டார்கள். அவரோடு கூடப்பிறந்த அண்ணன் குடும்பத்துக்குப் பதினாறாம் நாளோடு தீட்டுக் கழிந்துவிட்டதாம். எனக்கு மட்டும் வருடம் முழுக்க. யார் கணக்கோ இது!

சித்திரையில் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போவது ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் குடும்பத்து வழக்கம். கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் நயமாகச் சொன்னாள்: “நீ வீட்டப் பாத்துக்கோ. நாங்க வெரசா வந்துருதோம்.”

எனக்கு வயிறு எரிந்தது. கோயிலுக்காக அல்ல, கடலுக்காக. கல்யாணமான நாளிலிருந்து வருடாவருடம் அந்தக் கரைக்குப் போகிறேன். கடைசி மருமகள் என்பதால் மூட்டைக்குக் காவல் நான்தான். எல்லாரும் அலையில் ஆடுவார்கள். நான் வேட்டி, சேலை, செருப்புகளுக்கு நடுவே குந்தியிருப்பேன். ஒருவழியாக என்னை அனுப்பும்போது, காலை நனைப்பதற்குள் நடை சாத்தப் போகிறார்கள் என்று சத்தம் வரும். “அடுத்த வருசம் மூட்டைய நான் பாத்துக்கிடுதேன், நீ போ” என்று கணவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். பொய் சொல்கிற மனுஷன் இல்லை. மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் ஒரு மில்லில். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா கண்ணில் பட்டது. பாம்பன் பக்கம் படகில் ஏற்றித் தீவுக்குக் கூட்டிப்போவார்களாம். பவளப்பாறையும் மீனும்தான் பார்க்கவேண்டியவை. சாமி கிடையாது, நடை சாத்துகிற பேச்சே கிடையாது. எந்தச் சட்டத்தை வைத்து என்னைத் தடுப்பார்கள்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூட வேலை பார்க்கும் நாலு பெண்கள் உடனே வருகிறோம் என்றார்கள். வார விடுமுறையன்று இருட்டோடு கிளம்பிப் படகில் போய்வந்து அன்றைக்கே திரும்புவதாகத் திட்டம்.

வீட்டில் சொன்னேன். அக்கா முகம் சுண்டிப்போனது.

“கோயில் இல்லாம அம்புட்டு தூரம் எதுக்குட்டி? ஊர்ல கேட்டா என்ன சொல்ல?”

“மீன் பாக்கப் போயிருக்கான்னு சொல்லுங்க.”

“கடலும் தீர்த்தம்தான?”

“குளிக்கல, பாக்கத்தான் போறேன். பாக்கதுக்கும் தீட்டு உண்டா?”

அக்கா விருட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மில் வாசலுக்கு வேன் டிரைவரை வரச்சொல்லிப் பேசினோம். எங்கள் ஊர் வேன்களுக்குச் சுற்றுலா என்றால் கோயில்தான். மனுஷருக்கு என் வீட்டுத் துட்டி தெரியும். திட்டத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“பாம்பன் வரைக்கும் போயிட்டு ராமேஸ்வரம் போகாம வருவாகளா? படகு முடிச்சு பொறவு கோயில். இந்த அக்கா செத்த நேரம் வண்டியில இருக்கட்டும். மூட்டைக்கும் ஒரு ஆளு ஆச்சு.”

தோழிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை.  அந்த டிரைவர் முன்னால் அழுவேனா நான்?

“அப்படீன்னா நான் வரல. மூட்டைக்கு ஆளு வேணும்னா வேற யாரையும் பாருங்க” என்று சொல்லிவிட்டு மில்லைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

“ஏட்டி, நில்லு!”

கூப்பிட்டவள் எங்களில் பக்தி அதிகம் உள்ளவள். உடம்புக்கு முடியாத நாளிலும் வெள்ளிக்கிழமை விரதத்தை விடாதவள். டிரைவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “கோயில் எங்கயும் ஓடிப்போயிராது. அதுக்கு நாங்க வேற நாள் போவோம். இது கடலுக்கு.”

டிரைவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. “சரி, எல்லாரும் படகுல ஏறிட்டா மூட்டைய யாரு பாக்கது?”

“மூட்டையே கெடையாது” என்றேன். குளிக்கப் போகிறோமா, மாற்றுத்துணி தூக்க? சோறு வழியில் கடையில் கிடைக்காமலா போகும்?

கிளம்புகிற அன்று இன்னும் விடியவில்லை. தெருவில் வேன் வந்து நின்றது. அக்கா வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஒரு பைகூட இல்லாமயா போற?”

“ஆமாக்கா.”

என் கணவர் வருடாவருடம் சொன்ன ‘அடுத்த வருசம்’ இதுதான். நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போய் வேனில் ஏறினேன்.