பிறந்த வீட்டுக் கோடி

ஆண்டியப்பனை இலங்கைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது சாவு வீடுகள்தான். சிரிக்காதீர்கள். தொழிற்சங்கத்துக்காரன் எவனும் தேயிலைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று துரைமார் கங்கணம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழவுக்கு வந்த சொந்தக்காரனை மட்டும் தடுக்க மாட்டார்கள். மனிதர் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார். தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்தில் எழவு விழுந்தாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பாடைக்குத் தோள் கொடுப்பார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சம்பளம், லீவு, பிள்ளைப்பேற்றுக் காசு என்று நாலு விஷயம் பேசிவிட்டுப் போவார்.

ஊசிமலைத் தோட்டத்துச் சங்கிலி அவருக்குச் 'சாவு மெம்பர்' என்றே பேர் வைத்துவிட்டான். அவன் வாய் அப்படி.

"அண்ணே, நீங்க வர்றீங்கன்னாலே வயித்தக் கலக்குது. எந்த லயத்துக் காம்பராவுல யாரு மண்டையப் போட்டாங்கன்னு தேட வேண்டியிருக்கு" என்பான்.

ஆண்டியப்பன் விழுந்து விழுந்து சிரிப்பார். நாற்பத்தேழாம் வருஷத் தேர்தலில் லயம் லயமாய் ஏறி இறங்கி அவருக்கு ஓட்டுச் சேர்த்தவனும் அந்தச் சங்கிலிதான்.

மறு வருஷம் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. அந்த வருஷமே குடியுரிமைச் சட்டமும் வந்தது: உன் அப்பன் இந்த மண்ணில்தான் பிறந்தானா, காட்டு என்று. தேயிலைச் செடிக்கடியில் பெற்றுப் போட்டவளிடம் என்ன அத்தாட்சி இருக்கும்! நாசமாய்ப் போகிறவர்கள். ஆண்டியப்பன் சபையில் தொண்டை கிழியப் பேசினார். சட்டத்துக்குத்தான் கை அதிகம் உயர்ந்தது. அடுத்த தேர்தலில் அவருடைய ஜனங்களுக்கு ஓட்டே இல்லை. பதவி போயிற்று, கார் போயிற்று. அட்டன் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் சீலை அளந்து கிழிக்க உட்கார்ந்தார்.

ஒரு நாள் சங்கிலி இருமிக்கொண்டே கடைக்கு வந்தான்.

"இனிமே எங்க சாவுக்கு வரமாட்டீங்க, இல்லண்ணே? ஓட்டுதான் போச்சே!"

கேலிதான். ஆனால் ஆண்டியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஓட்டு இல்லாதிருந்தால் அத்தனை பாடையையும் சுமந்திருப்பேனா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடைமழையில் சங்கிலி செத்துப்போன செய்தி வந்தது. உடனே கிளம்பினார். தோட்டத்து வாசலில் காவல்காரன் மறித்தான். மெம்பராய் இருந்தபோது விழுந்தடித்துக்கொண்டு கதவு திறந்தவன்தான் அவன்.

"தலைவரே, கோவிச்சுக்காதீங்க. சொந்தக்காரங்கள மட்டுந்தான் விடணுமாம். ஒங்கள விட்டா தொர வேலையிலருந்து என் பேர வெட்டிப்புடுவாரு."

ஆண்டியப்பன் கக்கத்திலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். மடிப்புக் கலையாத புதுச்சேலை. சங்கிலி பெண்சாதி செவனம்மாவின் கூடப்பிறந்தவன் போன வருஷம்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான்.

"செவனம்மாவுக்குப் பொறந்த வீட்டுக் கோடி கொண்டு வந்திருக்கேன். இது போகாம பொணத்த எப்பிடிடா தூக்குவீங்க?"

காவல்காரன் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினான்.

லயத்து வாசலில் பாடை கட்டி வைத்துவிட்டு, கோடிக்கு எங்கே போவது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டியப்பன் நேரே போய்ச் சேலையைச் செவனம்மா தோளில் போர்த்தினார்.

"அண்ணே! நீங்க வரவே மாட்டீங்கன்னு சொல்லிக்கிட்டிருந்தாரே, இந்தப் பாவி!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டு அவள் கதறினாள்.

அவருக்கும் தாங்கவில்லை. பிணத்தின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சாவு மெம்பரு வந்துட்டேன்டா சங்கிலி. எந்திரிச்சுக் கேலி பண்ணுடா."

தூக்கும்போது முன்தோள் அவர்தான் கொடுத்தார். அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஒரு விஷயமும் பேசவில்லை.