அடுக்களையிலிருந்து பேசிய புகார் பிரிவு

என் அத்தை ஒரு டிவியைக்கூடக் கண்ணால் பார்த்துச் சரிசெய்ததில்லை. கேபிள் கம்பெனியின் புகார் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, முகம் தெரியாதவர்கள் வீட்டு டிவிக்களைக் குரலாலேயே எழுப்பி உட்கார வைக்கிறாள். மருந்துக் கடையில் அவள் வாயைத் திறந்தாலே வரிசையில் யாராவது திரும்பி, "மேடம், பிளக்கைக் கழட்டி மாட்டச் சொன்னது நீங்கதானே?" என்று கேட்பார்கள். அத்தைக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிடும். ஆனாலும் "இப்ப படம் தெளிவா வருதா?" என்று விசாரிக்காமல் வரமாட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பிளக்கைக் கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவாள். எட்டுக்குள் "மாட்டிட்டேன்" என்று பதில் வந்தால் அந்த ஆள் சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று அர்த்தம். "பரவாயில்ல சார், இப்ப நிஜமாவே மாட்டுங்க" என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் போன மாதம் தானே ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டாள்.

அவள் மகள் வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். அவள் ஓடும் பந்தயம் இணையத்தில் மட்டும், அதுவும் அந்த நேரத்தில் மட்டும்தான் வரும். போன தடவை மாமாவின் போனில் பார்த்தார்கள். எட்டுப் பெண்களும் எட்டு எறும்பு. அத்தை ஒரு சிவப்பு எறும்புக்காகத் தொண்டை கிழியக் கத்தி, அது ஜெயித்ததும் மேல்வீட்டுத் தையல்காரம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். நம் எறும்பு பச்சை. ஏழாவதாக வந்திருந்தது.

அதுகூடச் சிரிப்போடு போயிற்று. சாயங்காலம் மகள் போனில், "ஓடறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து உனக்காக ஒன்னு பண்ணேனேம்மா, பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்டி!" எட்டுக்குள் வந்த பதில்.

"என்ன பண்ணேன்?"

"அது... கையாட்டின."

மகளின் குரல் சட்டென்று இறங்கியது. "சரிம்மா."

அந்த 'சரிம்மா' ஒரு மாதமாக அத்தையைத் தின்றது. இறுதிப் பந்தயத்துக்கு முன், "இன்னைக்கும் பண்ணுவேன். பாத்துட்டுச் சொல்லு" என்று மகள் சொல்லியிருந்தாள். நேரம் மாலை நாலு. இந்தத் தடவை பெரிய டிவியில்தான் பார்ப்பது என்று அத்தை பிடிவாதமாக இருந்தாள்.

வீட்டில் இருந்த ஒரே லேப்டாப், அந்த வாரம் அங்கே தங்க வந்திருந்த என்னுடையது. நாலு வருடம் என்னோடு ஊர் ஊராகச் சுற்றியதில், ஏதோ ஒரு பஸ்ஸில் யாரோ மூட்டையை அதன்மேல் வைக்க, திரை கறுத்துவிட்டது. உள்ளே உயிர் இருக்கிறது, முகம்தான் இல்லை. "டிவியில மாட்டினா வந்துரும் அத்தை. ஒரு வயர்தானே, அஞ்சு நிமிஷம்" என்று நான் வாய் விட்டிருந்தேன்.

மூன்றரைக்கு மாட்டினேன். டிவி 'நோ சிக்னல்' என்றது. ரிமோட்டில் எச்.டி.எம்.ஐ. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லா வழியும் மாற்றிப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே பதில்.

"ஊரெல்லாம் சுத்தி வந்தவளுக்கு ஒரு வயர் மாட்டத் தெரியல" என்றார் மாமா. பந்தயம் பார்க்க வந்திருந்த தையல்காரம்மா, "நாலு வருஷமா எங்கம்மா போன?" என்றாள்.

அத்தை டிவியையே பார்த்தபடி கையைப் பிசைந்தாள். "எனக்கு ஒன்னுமே ஓட மாட்டேங்குது. பாத்தா எனக்குப் புரியாதுடி, காதால கேட்டாத்தான் புரியும்." மணி மூன்று நாற்பது. திடீரென்று எழுந்து அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் போன் அடித்தது.

"வணக்கம், புகார் பிரிவு. சொல்லுங்க."

"அத்தை?"

"என்ன பிரச்சனைன்னு சொல்லுங்கம்மா." அந்தக் குரலில் கை பிசைதல் துளியும் இல்லை.

"சிக்னல் வரல... மேடம்."

"வயரை ரெண்டு பக்கமும் கழட்டி மாட்டுங்க."

டிவி சுவரில் ஒட்டினாற்போல் உயரத்தில் இருந்தது. லேப்டாப் பக்கம் மட்டும் கழற்றி மாட்டிவிட்டு, "மாட்டிட்டேன்" என்றேன்.

"ஸ்டூல் இழுக்கற சத்தமே கேக்கலயேடி!"

மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் ஸ்டூலைத் தரதரவென்று, வேண்டுமென்றே சத்தமாக, இழுத்தேன்.

"ஏறியாச்சா? எட்டிப் பாக்காத, ஒன்னும் தெரியாது. வயரைப் பிடிச்சுகிட்டே கையை உள்ள விடு. மாட்டின ஓட்டைய சுத்தித் தடவு. மூலை எவ்வளவு தூரத்துல வருது?"

"ரெண்டு விரல்."

"இன்னொரு பக்கம்?"

"அங்கயும்... ஒரு சாண்கூட இல்ல."

அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. "அது டிவி இல்லடி மக்கு! செட் டாப் பாக்ஸ்! தூசி படக்கூடாதுன்னு நான்தான் டிவிக்குப் பின்னால டேப் போட்டு ஒட்டி வச்சேன்!"

கையில் அகப்பட்ட முதல் ஓட்டையில் மாட்டியிருக்கிறேன். லேப்டாப்பும் பாக்ஸும் இருபது நிமிடமாக ஒன்றுக்கொன்று படம் அனுப்பிக்கொண்டிருந்தன, வாங்குவதற்குத்தான் ஆளில்லை. பிடுங்கி, தடவி, டிவியின் ஓட்டையில் செருகி, ரிமோட்டை அமுக்கினேன். திரை முழுக்க ஒரு ஆடு வந்து நின்றது. மலைப்பாதையில் நான் எடுத்து, லேப்டாப்பின் முகப்பில் வைத்திருந்த படம்.

"நம்ம பொண்ணா?" என்றார் மாமா. "ரொம்ப இளைச்சுட்டா."

"என்ன தெரியுது?" என்றது போன்.

"ஆடு தெரியுது மேடம். வேற ஒன்னுமே இல்ல."

"வயர் சரி. மத்ததெல்லாம் உன் கறுப்புத் திரையில உக்காந்திருக்கு. விண்டோஸ் பட்டனை அமுக்கிப் பிடிச்சு, பி எழுத்தை ரெண்டு தட்டுத் தட்டி, என்டர் போடு."

ஸ்டூலிலிருந்து இறங்கிப் போட்டேன். டிவி கண்ணை மூடித் திறந்தது. எல்லாம் வந்துவிட்டது! பந்தயத்தின் லிங்கைத் தட்டினேன். செம்மண் நிறத்தில் ஓடுபாதை, கோட்டில் எட்டுப் பெண்கள், ஒவ்வொருத்தியும் ஆள் உயரம். தையல்காரம்மா கை தட்ட, நான் துள்ளிக் குதித்தேன்.

"அத்தை, ஓடி வாங்க!"

"வேற ஏதாவது உதவி தேவைப்படுதா?"

"அத்தை!"

கதவைத் தள்ளிக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே அத்தை ஓடி வந்தாள். கேமரா மூன்றாவது பெண்ணைத் தாண்டி நான்காவது பெண்ணிடம் வந்தது. பச்சைச் சட்டை. அவள் இடது கையைக் காதில் ஹெட்போன்போல் வைத்தாள். வலது கையால் காற்றில் ஒரு பிளக்கைக் கழற்றினாள், உதட்டால் எண்ணினாள், திரும்ப மாட்டினாள். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் ஓடியதை நாங்கள்தான் பார்த்தோம், கத்தினோம், நான்காவதாக வந்ததற்கு மாமா முதல் பரிசு வாங்கியதுபோல் ஆடினார். அத்தை சிரித்தும் அழுதும் காற்றில் பிளக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்தியாம்மா?" இன்னும் மூச்சு வாங்கும் குரல்.

அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வந்ததும், "பாத்தேன், பெரிய டிவியில. பிளக்கைக் கழட்டி மாட்டின. ஆனா எட்டுலயே மாட்டிட்ட. அப்புறம், வலது முட்டியில எதுக்குடி பிளாஸ்திரி? எப்ப விழுந்த? ஏன் சொல்லல?"

"அம்மா," என்றாள் மகள், "அந்த டிவிய யாரு சரி பண்ணாங்க?"