மாதுளைச் சாறு குடித்த மூன்று வாரம்

பதினெட்டு வருடமாக உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் எஞ்சின் பார்த்தவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் அவருடைய சிறுநீரகங்களை மெல்ல மெல்லக் கெடுத்துவிட்டது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து, பாலையூற்றில் எங்கள் வீட்டில் கதை பேச்சு குறைந்துபோனது. ஆளுக்கு ஆள் தெரியாமல் பயப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் சக ஆசிரியை ஒருவர் கைபேசியில் ஒரு கட்டுரையைக் காட்டினார். மாதுளை போன்ற பழங்களில் உள்ள சில இயற்கை இரசாயனச் சேர்வைகள் சிறுநீரக நோயைத் தணிக்க உதவக்கூடும் என்று அதில் இருந்தது. ‘கூடும்’ என்ற சொல்லைப் பார்த்தேன். எலிகளில்தான் சோதித்திருக்கிறார்கள் என்பதையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, அன்று பின்னேரமே மாதுளம்பழங்களுடன் வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஒரு கிளாஸ், பின்னேரம் ஒரு கிளாஸ். முத்துகளை உதிர்த்து, அரைத்து, வடித்து, சீனி போடாமல் கொடுப்பேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவருக்காக ஏதோ செய்கிறேன் என்ற நிம்மதி எனக்கு. அவரும் மறுக்காமல் குடித்தார். அவர் முகம் தெளிவதாகக்கூடப் பட்டது. இடையில் வந்த கிளினிக் நாளில் எனக்குப் பாடசாலையில் பரீட்சை வேலை. அவர் தனியாகப் போய் வந்தார்.

“என்ன சொன்னவை?” என்று கேட்டேன்.

“வழமையான கதைதான்” என்றார்.

மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை காலை, அவரால் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை.

“கால் சொல்லுக் கேக்குதில்லை. நெஞ்சுக்குள்ளயும் ஒரு மாதிரிக் கிடக்கு.”

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். விட்டு விட்டு அடித்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழி முழுக்க அவர் கை என் மடியில் குளிர்ந்துபோய்க் கிடந்தது.

ஈசிஜி தாளைப் பார்த்த இளம் டொக்டர் உடனே ஊசி போட வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“இரத்தத்தில பொட்டாசியம் நல்லாக் கூடிப்போச்சு அம்மா, அதுதான் இருதயம் தடுமாறுது. இளநீர், பழச்சாறு ஏதும் குடுத்தனீங்களோ?”

சொன்னேன். கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். அவர் ஏசவில்லை.

“அந்தச் சேர்வையைத் தனியாப் பிரிச்செடுத்துத்தான் ஆராய்ச்சி செய்யினம். ஒரு நாளைக்கு அது மருந்தா வந்தாலும் வரும். ஆனா நீங்கள் குடுத்தது முழுப் பழத்தின்ர சாறு. அதில பொட்டாசியமும் கிடக்கு. இவற்ற சிறுநீரகத்துக்கு அதை வெளியேத்த ஏலாது.”

சேர்வை வேறு, கலவை வேறு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். “ஓம்” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த நாள் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, என்னை மன்னிக்கச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

“போன கிளினிக்கிலயே நர்ஸ் சொன்னவ, பழச்சாறு குடிக்கப்படாதெண்டு.”

“பிறகேன் குடிச்சனீங்கள்?”

“நீர் அவ்வளவு ஆசையாத் தந்தனீர். வேண்டாமெண்டு சொல்ல மனம் வரேல்லை.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “என்னைக் கொலைகாரியாக்கப் பாத்தனீங்களே!” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணவர் என் பக்கம் திரும்பி, “எனக்கும் அது சுகமாக்குமெண்டு ஒரு நப்பாசை இருந்தது” என்றார். அதற்குமேல் என்னால் கோபிக்க முடியவில்லை.

இப்போது எல்லாக் கிளினிக்குக்கும் நானும் போகிறேன். போன கிழமை, டயலிசிஸ் தொடங்க நாள் குறிக்க வேண்டும் என்றார்கள். வெளியே வந்து, அங்கே போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்தோம்.

“எனக்குப் பயமாக் கிடக்கு” என்றார். இத்தனை மாதத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“எனக்கும்தான்” என்றேன்.

மருந்துக்கு எங்கள் இலக்கத்தைக் கூப்பிடும் வரைக்கும் அப்படியே இருந்தோம்.