இஸ்திரி மேசையில் எலுமிச்சைத் தண்ணீர்

ஆவி என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவிக்கு நடுவே நிற்கிறவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? முதலில் வைத்தவன் புருஷன். சாயங்காலம் அவள் கதவைத் தட்டினால், "ஆவி வந்திருக்கு, திறங்கடா" என்பான் பிள்ளைகளிடம். அவளும் விடமாட்டாள். "பிடிக்கத்தான் வந்திருக்கேன். எங்க உங்கப்பன்?"

அவனுக்கு வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீடு ஓடியது அவள் சம்பளத்தில்.

இஸ்திரிப் பிரிவில் ஆறு பேர். நின்றே வேலை. ஜன்னலைத் திறக்கக் கூடாது, வெள்ளைச் சட்டையில் தூசி படியுமாம். வேர்வை துணியில் சொட்டாமல் கழுத்தில் துண்டு. மத்தியானம் சாப்பிட்டது வயிற்றில் கல்லாய்க் கிடக்கும். தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும்.

அதற்காகத்தான் ஆவி காலையில் சீரகம் வறுப்பாள். மணம் வந்ததும் இறக்கி, இஞ்சியும் மிளகும் சேர்த்து இடித்து, காய்ச்சிய தண்ணீரில் போட்டு மூடிவிடுவாள். ஆறியதும் வடிகட்டி உப்பு, கொஞ்சம் சர்க்கரை. எலுமிச்சை கடைசியில்தான், கிளம்புகிறபோது. விதை விழுந்தால் கசக்கும் என்று விரலிடுக்கில் பிழிவாள். கேன் நிறைய ஆறு பேருக்கும் கொண்டுபோவாள். யாரும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. ஏப்பம் விட்டார்கள். அது போதும்.

புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு அது பொறுக்கவில்லை. மேசைப் பக்கம் எதையும் குடிக்கக் கூடாது, தாகமெடுத்தால் வெளியே குழாய்க்குப் போ என்றார். குழாய் முற்றத்தைத் தாண்டி, குடோனுக்குப் பின்னால். ஆவியிடம் தனியாகவும் சொன்னார். "இன்னொரு தடவை இதை இங்க பார்த்தேன், உனக்கு வேலை இல்ல."

சட்டையை ஈரப்படுத்த மேசைக்கு ஒரு ஸ்ப்ரே பாட்டில் இருக்கும். ஆவி அதே மாதிரி இன்னொன்று வாங்கி, அதில் எலுமிச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்பியதும் வாயைத் திறந்து இரண்டு அமுக்கு. அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவாள்.

இது எத்தனை நாளைக்கு ஓடும்? எல்லாருக்கும் மூத்தவர் ஒருவர், சித்தப்பா என்பார்கள். அவர் ஒரு நாள் தெரியாமல் பாட்டிலை மாற்றி எடுத்து வெள்ளைக் காலரில் அடித்து, சூட்டோடு தேய்த்தார். காலரில் பழுப்புப் பொட்டுகள் பூத்தன.

"என்னம்மா ஆவி, சட்டை தாளிச்ச மாதிரி மணக்குது?"

"சித்தப்பா, அது என் பாட்டில்."

மணத்தைப் பிடித்து சூப்பர்வைசரும் வந்துவிட்டார். "யார் பாட்டில் இது?"

சித்தப்பா வாயெடுக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "என்னுது சார். எலுமிச்சைத் தண்ணி."

அவர் உள்ளங்கையில் அடித்து நக்கிப் பார்த்தார். "ஒரே உப்பா இருக்கு."

"உங்களுக்கு அப்படித்தான் சார் இருக்கும். ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கீங்க."

யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அதுதான் வினையாயிற்று. "கிளம்பு. ஆபீஸ்ல உக்காரு, கணக்கை முடிச்சுத் தரச் சொல்றேன்" என்றார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

சித்தப்பாவும் தன் பெட்டியை நிமிர்த்தினார். "சார், தாகமா இருக்கு. குழாய்க்குப் போய்ட்டு வரேன்."

"போ."

"எனக்கும் சார்." "எனக்கும்."

ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். வந்து ஒரு சட்டை தேய்த்தார்கள், மறுபடி போனார்கள்.

"இப்பத்தானேய்யா போனே?"

"ஒரு வாய்தான் சார் குடிச்சேன். இங்க குடிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

கூட்டம் போடவில்லை, கோஷம் இல்லை, நோட்டீஸ் இல்லை. சங்கத்து ஆள் எவனும் அந்தப் பக்கமே இல்லை. அவர் போட்ட சட்டத்தை அவர்கள் அப்படியே மதித்தார்கள், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள் தேய்த்த சட்டை வராமல் கைகட்டி உட்கார்ந்து, "சட்டை எங்கே?" என்று ஆள்மேல் ஆள் அனுப்பத் தொடங்கினார்கள்.

சூப்பர்வைசர் ஆபீசுக்கு வந்தார். ஆவி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போய் வேலையைப் பாரு."

"கேன் சார்?"

"கதவோரம் ஒரு ஸ்டூல் போடச் சொல்றேன். அங்க வச்சுக் குடிங்க. மேசைக்கு வரக் கூடாது."

அவள் எழுந்திருக்கவில்லை. "இப்பவே போடுங்க சார். வரேன்."

யாரையாவது கூப்பிடலாமென்று சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாரும் குழாயடியில் இருந்தார்கள். ஸ்டூலை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.