நித்திரை வேண்டாம் என்றது நான்

கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை போட்டது நான். அது எரிந்தபிறகு அதே இடத்தில் இரண்டு மாடி எழுப்பினதும் நான்தான். வெள்ளவத்தை பிளாட், மகளின் படிப்பு, மருமகன் ஓடித் திரிகிற கார், எல்லாம் என் கையால் வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டவனில்லை. அந்தக் கைதான் போன வருஷம் உடைந்தது. கடை ஏணியால் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

ஒப்பரேசனுக்குத் தோளடியில் ஊசி போட்டுக் கையை மட்டும் விறைக்கப்பண்ணலாம் என்றார் மயக்க மருந்து டொக்டர். மருந்து நரம்பைச் சுற்றிப் போகவேணும், இரத்தத்துக்குள் போனால் ஆபத்து, அதனால் கொஞ்சங் கொஞ்சமாய்த்தான் தள்ளுவேன், வாயில் ஏதும் ருசி வந்தாலோ காது இரைந்தாலோ உடனே சொல்லுங்கோ என்றார். அதுவரை சரி. இடையில் புகுந்தார் என்ஜினியர் மருமகன்.

"டொக்டர், மாமாவை நித்திரையாக்கிப் போடுங்கோ. இல்லாட்டி கடை கட்டின கதை முழுக்க நீங்கள் கேக்கவேண்டி வரும்."

மகளும் சிரித்தாள். டொக்டரும் சிரித்தார். "விருப்பமெண்டால் லேசாய் நித்திரை தரலாம், ஐயா."

"என்ர உடம்பில ஊசி ஏறேக்க நான் முழிச்சிருப்பன்," என்றேன். மருமகனைப் பார்த்து, "உமக்குக் கேக்க விருப்பமில்லாட்டி வெளியில போய் நில்லும்."

ஊசி பாதி போயிருக்கும். உதடு விறுவிறுத்தது. நாக்கில் ஆணி ருசி. இளவயதில் மட்டக்குளியில் கூரைத் தகரம் அடித்துத் திரிந்த காலம் முழுக்க ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றவன் நான். அந்த ருசி எனக்குத் தெரியாதா?

"டொக்டர், நிப்பாட்டுங்கோ! வாய்க்குள்ள இரும்பு!"

ஊசி அந்த இடத்திலேயே நின்றது. காது கூவென்று இரைந்தது. முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். இரத்தத்தில் ஏறினதை முறிக்கவென்று பால் மாதிரி வெள்ளையாய் ஒரு மருந்தையும் பக்கத்தில் எடுத்து வைத்தார்கள், அது தேவைப்படவில்லை. அன்று ஒப்பரேசனும் இல்லை. இன்னும் தள்ளியிருந்தால் வலிப்பு வந்து இருதயமே நின்றிருக்கலாம் என்று டொக்டர் தன் வாயாலேயே சொன்னார். நித்திரையில் கிடந்திருந்தால் நான் எப்படிக் கத்தியிருப்பேன்?

பிறகொரு நாள் ஒப்பரேசன் முடிந்து கை சரிவந்தபிறகு வீட்டில் சொந்தக்காரருக்குச் சாப்பாடு. மருமகன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லுகிறார்: "நான் பிடிச்ச டொக்டர் எண்டபடியால் மாமா தப்பினார்."

"நித்திரையாக்கச் சொன்னது ஆர் எண்டும் சொல்லுமன்!"

"விடுங்கோ அப்பா," என்றாள் மகள், சோற்றுக் கரண்டியோடு.

விடமாட்டேன். டொக்டர் ஊசியை நிப்பாட்டினார், அது அவருடைய பங்கு. நிப்பாட்டச் சொன்னது நான். இனி இந்தக் கதையை எந்த வீட்டில் எடுத்தாலும் அதை முதலில் சொல்லவேணும், மருமகனே. சொல்ல வாய் வராவிட்டால் என் மேசையில் சாப்பிட வாய் திறக்கவும் வேண்டாம்.