ஓணாங்கரட்டுப் பாறையில் என் செல் நம்பர்

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பாறையில் என் பேரையும் செல் நம்பரையும் எழுதிவிட்டு வந்தேன். சுவர் விளம்பரம் எழுதுகிற எல்லோரும் செய்வதுதான். வேலை முடிந்ததும் வலது மூலையில் ‘சோலை ஆர்ட்ஸ், கோச்சடை’ என்று போட்டு, அதன் கீழே நம்பர். பார்க்கிறவர் யாராவது கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டாரா என்கிற ஆசை. ஒன்பது வருடமாக ஒரு ஓணான்கூடக் கூப்பிடவில்லை. போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமைதான் அந்தப் பாறையைப் பார்த்து முதல் போன் வந்தது.

“சோலைங்கிறது நீங்கதானா? ஓணாங்கரட்டுப் பாறையில பெயிண்ட் அடிச்சது?” என்றது ஒரு பெண் குரல்.

“நானேதான் மேடம். பாத்தீங்களா, இன்னும் பளபளன்னு இருக்குமே. உங்களுக்கு வீடா, காம்பவுண்டா? எம்புட்டு ஸ்கொயர் ஃபீட்டு வரும்?”

“நான் தொல்லியல் ஆபீஸ்ல இருந்து பேசுறேன். செவ்வாய்க்கிழமை நீங்க அங்க வர முடியுமா?”

அரசாங்க வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். “முதல்ல போயிட்டு வாங்க, அப்புறமா மீசையை முறுக்கலாம்” என்றாள் மனைவி. கலர் அட்டை, நாலு பிரஷ், தின்னர் பாட்டில், அளவு டேப் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இந்த இணையப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வேலைக்குப் போகிற ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று இங்கே எழுதுவேன். எழுத்தை வரைய எனக்கு நன்றாக வரும். இலக்கணத்தை நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

காலை 7.10-க்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உசிலம்பட்டி பஸ். செக்கானூரணிக்கு டிக்கெட் இருபது ரூபாய். ஜன்னலோரம் வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னாடியே போய்விடுங்கள். நாகமலையை வலது பக்கம் பார்த்தால் நாள் முழுக்கப் பார்க்கலாம், அத்தனை நீளம். 7.55-க்கு இறங்கினேன். ஸ்டாண்டுக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய், வடை பத்து ரூபாய். வடையில் ஓட்டை பெரிது, அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்குகிறார்கள். அங்கிருந்து ஓணாங்கரடு என்கிற அந்த மொட்டைக் குன்றுக்கு ஏழு கிலோமீட்டர். பஸ் கிடையாது, ஆட்டோதான். நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு வந்தார்.

“பிளாட் பாக்கவாண்ணே?” என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

“ஆமா மாப்ள. எனக்கு ஆறடி போதும்.”

“ஆறடி எல்லாம் தர மாட்டாய்ங்கண்ணே. ரெண்டு சென்ட்டுல இருந்துதான். புக் பண்ணுனா மத்தியானம் பிரியாணி உண்டு.”

“சைவத்துக்கு?”

“குஸ்கா.”

சிரித்துக்கொண்டே போனதால் கரடு வந்ததே தெரியவில்லை. அல்லது, நான் தேடிய கரடு அங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். முன்னே சோளக்காடாக இருந்த இடம் முழுக்க வெள்ளைக் கல் நட்டு, மஞ்சளும் சிவப்புமாகக் கொடி கட்டியிருந்தார்கள். நுழைவாயிலில் ஒரு வளைவு. அதில் எழுத்து எல்லாம் கம்ப்யூட்டர் ஸ்டிக்கர், ஒரு ‘ழ’ ஏற்கெனவே உரிந்து தொங்கியது. கொடிகளுக்குப் பின்னால், கூட்டத்தில் தொலைந்துபோன ஆள் மாதிரி, ஓணாங்கரடு.

உயரம் பெரிதாக இல்லை. அடிவாரத்திலிருந்து பாறைக்குப் பதினைந்து நிமிட நடை. குடை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறை அது, அடியில் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். தரையில் ஆள் படுக்கிற அளவுக்கு வழுவழுவென்று செதுக்கிய படுக்கைகள் மூன்று. தலை வைக்கிற இடம் மட்டும் கொஞ்சம் மேடாக இருக்கும். அன்றைக்கு வேலைக்கு வந்தபோது மத்தியானம் அதில்தான் தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் வீட்டில் வந்ததில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கரட்டில் கல் குவாரி வரப்போகிறது என்று பேச்சு. இரண்டு பேர் வந்து அளந்தார்கள். பாறைகளில் சிவப்புப் பெயிண்டில் கூட்டல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கல்லைச் சாமியாக்கிவிடுவது. சாமி இருக்கிற கல்லில் வெடி வைக்க எவனுக்கும் கை வராது. ஊர் கூடிப் பேசி, நீட்டிய பாறையைக் கரட்டுக் கருப்பு ஆக்கிவிட்டார்கள். பூசை வைக்கிற பொறுப்பு ஒச்சப்பன் என்கிறவருக்கு. அவருக்கு அடிவாரத்தில் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. கரட்டில் விழுகிற மழைத்தண்ணீர்தான் அந்தக் கிணற்றுக்கு வரும். அவர்தான் என்னைக் கூப்பிட்டார். நான் வானநீலத்தில் அடித்து, அரிவாளும் மீசையுமாகக் கருப்பசாமியை வரைந்தேன். குவாரிக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். திரும்ப வரவேயில்லை. அதை நான் எத்தனை டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்!

மேலே ஏறினேன். ஒச்சப்பன் அண்ணன் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முப்பத்தைந்து வயது இருக்கும், தொப்பி போட்டுக்கொண்டு, கையில் லென்ஸோடு அந்த மேடம்.

“வாங்கண்ணே, கெட்டிக்காரவுகளே. ஒன்பது வருசமா முகத்தையே காட்டல” என்றேன் ஒச்சப்பனைப் பார்த்து. எப்போதும் திருப்பிக் கொடுக்கிறவர், “வா தம்பி” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. “பெயிண்டுக்கு முன்னாடி பட்டி போட்டீங்களா?”

“ரெண்டு கோட்டு மேடம். சாக்பவுடர், வார்னிஷ் எண்ணெய், கொஞ்சம் ஒயிட் லெட். வேலையில குறை வைக்க மாட்டேன்.”

“நல்லது. எண்ணெய்ப் பட்டின்னா மெதுவா எடுத்துரலாம்.” அவர் முகம் தெளிந்தது. பிறகு விவரம் சொன்னார். இந்த மாதிரிப் படுக்கைகள் இருக்கிற பாறையில், நெற்றியில் எழுத்து இருக்கும். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்து எழுத்து. துறவிகள் தங்குவதற்கு இந்தப் படுக்கையை வெட்டிக் கொடுத்தது யார் என்று பேர் போட்டிருக்கும். இங்கேயும் எழுத்து இருந்ததாக, மலை சுற்ற வந்த ஒருவர் பல வருடம் முன்பு கடிதம் எழுதியிருக்கிறார். போட்டோ இல்லை. இப்போது பிளாட்டுக்குப் பாதை போட இந்தப் பாறையின் மூக்கை உடைக்கப் போகிறார்கள். எழுத்து இருப்பதை நிரூபித்தால் கரட்டைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கக் கேட்கலாம்.

“சாமி இருக்கே மேடம், எப்படி உடைப்பாய்ங்க?” என்றேன்.

அதற்கு ஒச்சப்பன்தான் பதில் சொன்னார். “சாமிய நகத்தலாம்னு சொல்றாய்ங்க தம்பி. கீழ கிரானைட் போட்டு, மணியெல்லாம் கட்டி, புதுக்கோயிலே தாராய்ங்களாம். ஊர்ல பாதிப் பேரு தலையாட்டிட்டாய்ங்க. வெள்ளிக்கிழமை கூட்டம். சாமிய எடுத்து வேற எடத்துல வச்சுரலாம். எழுத்த எடுத்து வைக்க முடியாதுல்ல. அதைத்தான் நம்பியிருக்கேன்.”

மேடம் என்னைப் பாறையின் இடது ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு அடி அகலத்துக்கு நீலம் இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் மலைத்தேனீக் கூடு இருந்தது, பயத்தில் விட்டுவிட்டேன். இப்போது கூடு இல்லை. வெறும் பாறையில், உளியால் வெட்டிய ஒரு கூட்டல் குறி.

“இதுதான் அந்தக் காலத்து ‘க’. இதுல இருந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசையாப் போகணும்” என்று என் நீலத்தைக் காட்டினார்.

நான் ஒச்சப்பனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து, யாருக்கும் தெரியாமல் கையை லேசாக ஆட்டினார். சொல்லாதே என்று.

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்குச் சிவப்புக் குறியைத் துடைத்த பிறகு, பாறையில் உளியால் வெட்டிய கூட்டல் குறியும் சில கீறல்களும் கண்ணில் பட்டன. பெயிண்ட் போனாலும் இடம் தெரியட்டும் என்று குவாரிக்காரர்கள் வெட்டிவைத்த அடையாளம் என்றுதான் இருவருமே நினைத்தோம். “அவிங்க போட்ட குறி ஒண்ணு விடாம எடுத்துரு தம்பி” என்றார் அவர். “நம்ம கரட்டுலயே வந்து கையெழுத்துப் போடுறாய்ங்களா” என்று கோபத்தோடு நானும் உளி, சுத்தியலை எடுத்து இரண்டு மணி நேரம் கொத்தினேன். பட்டி பிடிக்கவும் நல்லது என்று ஆழமாகவே கொத்தினேன். பட்டி அதற்கு மேலேதான்.

சொல்லாமல் இருந்தால், ‘எழுத்து பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது’ என்று மேடம் எழுதிவிடுவார். கொஞ்ச நாளாவது பாறை நிற்கும், அதுதான் ஒச்சப்பன் கணக்கு. ஆனால் மேடம் பஞ்சை எடுத்து, பெயிண்ட் கரைக்கிற மருந்தில் நனைத்துவிட்டார். இன்னும் அரை மணியில் அவரே பார்க்கப்போகிறார்.

“மேடம், அடியில கொத்தியிருக்கேன்” என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒரு கை அகலம் மெதுவாக உரித்துப் பார்த்தார். நீலம் போனது, பட்டி போனது, அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் வந்தன. இன்னொரு இடம் பார்த்தார். அங்கேயும் அதேதான். மூன்றாவது இடத்துக்குப் பிறகு பஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கையில் உட்கார்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது கேலியாகச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“அந்த ஒரு எழுத்து இருக்கே மேடம்” என்றார் ஒச்சப்பன்.

“ஒண்ணே ஒண்ணுன்னா, குவாரிக்காரங்க போட்ட கூட்டல் குறின்னு சொல்லிருவாங்கய்யா.”

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

மேடம் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். “நீங்க எழுத்து வரையிறவர். அதைக் கடைசியாப் பாத்தவரும் நீங்கதான். ஞாபகம் இருக்கிறத வரைங்க” என்றார்.

பஸ்ஸில் போகும்போது பார்த்த போர்டின் எழுத்தைக்கூட வீட்டுக்கு வந்து அப்படியே போட்டுக் காட்டுகிறவன் நான். அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு கூட்டல் குறி போட்டேன். கவட்டைக் கம்பைத் தலைகீழாக நிறுத்தினது போல ஒன்று போட்டேன். மேடம் குனிந்து, “இது ‘த’. நிச்சயமா?” என்றார். நிச்சயம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு நான் அதை எழுத்தாகப் பார்த்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். கீறலாகப் பார்த்தேன். கீறலை யார் ஞாபகம் வைப்பார்கள்?

“பேரு என்னவா இருந்திருக்கும் மேடம்?”

“தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது.”

வலது மூலையில் மஞ்சள் எழுத்தில், நிழல் கொடுத்து, என் பேர் நேற்று எழுதினது மாதிரி இருந்தது. பையிலிருந்து தின்னரை எடுத்து, “அதையாவது அழிச்சுட்டுப் போறேன்” என்றேன்.

“தொடாதீங்க” என்றார் அவர். “அந்த இடத்துல ஒருவேளை நீங்க கொத்தாம விட்டிருக்கலாம். அடியில என்ன இருக்குன்னு ஆளுங்க வந்து முறையாத்தான் பாக்கணும். அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்.”

மத்தியானம் 1.20-க்கு இறங்கினேன். திரும்பும் ஆட்டோவுக்கும் நூற்றிருபது. என்ன பிளாட் பார்த்தேன் என்று காலையில் வந்த அதே ஆட்டோக்காரர் கேட்டார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். “பிரியாணி தீந்துருச்சாண்ணே?” என்றார் பாவம்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஊர் சம்மதம் சொல்லிவிட்டது. பங்குனியில் நல்ல நாள் பார்த்து, கருப்பசாமியைக் கும்பத்தில் இறக்கிக் கீழே கொண்டுபோனார்கள். அன்று மாலை ஒச்சப்பன் போன் செய்தார். “சாமி கீழ போயிருச்சு தம்பி. பாறையில இப்ப ஒம் பேரு மட்டும்தான் இருக்கு” என்றார். குத்திக்காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். மேடம் அந்த ஒரு எழுத்தையும் என் தாளையும் வைத்து மேல் ஆபீசுக்கு எழுதியிருக்கிறாராம். பதில் வரவில்லை. நான் இதை எழுதும் வரைக்கும் பாறை இருக்கிறது. பிளாட்காரர்களின் கொடிக்கம்பு மட்டும் கரட்டில் பத்து அடி மேலே வந்திருக்கிறது.

போக நினைப்பவர்கள் சீக்கிரம் போங்கள். செக்கானூரணியில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் பாறையில் வெட்டியது கண்ணுக்குத் தெரியும். மேலே தண்ணீர் கிடையாது, இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போக வர முன்னூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய பாறையிலோ சுவரிலோ சுண்ணாம்பு அடிக்கப் போகிற என் தொழில்காரர்களுக்கு ஒன்று: அடிக்கும் முன் சாய்வு வெயிலில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தக் கீறலையும் வெறும் கீறல் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம்பரை மாற்றச் சொல்கிறாள் மனைவி. மாற்றவில்லை. ஞாபகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார். பட்டி போட சுவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். கூட்டலுக்குப் பக்கத்தில் கவட்டையா, கவட்டைக்குப் பக்கத்தில் கூட்டலா?

பாறைக்குப் போனதும் முதலில் உங்கள் கண்ணில் படுவது என் பேர்தான், அவ்வளவு பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைப் படிக்காமல் இடது ஓரத்துக்குப் போங்கள். தேன்கூடு இருந்த இடத்தில் ஒரு ‘க’ இருக்கும். அது தேனீக்கள் காப்பாற்றியது.